15 வயது 800 மீற்றர் பிள்ளை: கழகமாக மூன்று வருடத்துக்கு என்ன செய்யலாம்? (திருகோணமலை)

குச்சவெளிக் கழகம்

எல்லாருக்கும் வணக்கம். குச்சவெளி பிரதேசப் பிரிவில் பதிவான சின்னக் கழகம். உதைபந்துதான் பிரதானம். இந்த வருடக் கூட்டத்தில் மெய்வல்லுநருக்கென்று (ஓட்டம், பாய்தல், எறிதல்) 150,000 ரூபா ஒதுக்கியாச்சு. கையில் இரண்டு பிள்ளைகள். ஒன்று 15 வயதுப் பெண்பிள்ளை, 800 மீற்றர், ஸ்டொப்வோச்சில் 2:24. மற்றது 16 வயதுப் பையன், ஈட்டி. இரண்டு பேரும் வலயமட்டம் தாண்டி மாகாணமட்டம் போனவர்கள்.

எந்தெந்த வழியாக இவர்களைப் போட்டிகளுக்கு அனுப்பலாம்? காசை முதலில் எதில் போடுவது? உறுப்பினர் ஒருவர் ஸ்பைக்ஸும் (ஆணிச் சப்பாத்து) புது ஈட்டியும் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் பிள்ளையை இப்பவே கொழும்புப் பக்கம் அனுப்பிவிடுங்கோ என்கிறார். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கோ.

---

உவர்மலை தடகளம்

முதலில் வழிகள். பலருக்கு ஒன்றுதான் தெரியும், உண்மையில் நாலு இருக்கு.

பாடசாலை வழி: இல்ல விளையாட்டுப் போட்டி, வலயம், மாகாணம், பிறகு அகில இலங்கை பாடசாலை விளையாட்டு விழா. இலங்கை பாடசாலைகள் மெய்வல்லுநர் சங்கம் நடத்தும் சேர் ஜோன் டார்பட் போட்டி இதற்குப் புறம்பானது, அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். இரண்டாவது தேசிய விளையாட்டு விழா: பிரதேச செயலகம், மாவட்டம், மாகாணம், தேசியம். நம்முடைய மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். உங்கள் பிரிவின் விளையாட்டு உத்தியோகத்தர்தான் இதற்கு வாசல். மூன்றாவது தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் விளையாட்டு விழா, 13 முதல் 29 வயது வரை. இதற்கு இளைஞர் கழகமாகப் பதிந்திருக்க வேண்டும், விளையாட்டுக் கழகப் பதிவு போதாது. நாலாவது தேசிய மெய்வல்லுநர் சங்கத்தின் கனிஷ்ட தேசியப் போட்டிகள்.

நாலுக்கும் படிவம் வேறு, கடைசித் திகதி வேறு. ஒன்றுக்கும் மற்றதின் நாட்காட்டி தெரியாது. ஒரே கிழமையில் இரண்டு போட்டி விழுவது சாதாரணம். ஜனவரியில் பிரதேச செயலகத்துக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் ஒரு நடை போய்த் திகதிகளை வாங்கிக் கழகச் சுவரில் ஒட்டுங்கோ.

வயதுப் பிரிவில்தான் அதிகம் தவறுகிறது. உலக மெய்வல்லுநர் சங்க விதியில் 18 வயதுக்குட்பட்டோர் என்றால், போட்டி நடக்கும் வருடம் டிசம்பர் 31இல் 16 அல்லது 17 வயது. 20க்குட்பட்டோர் என்றால் அதே நாளில் 18 அல்லது 19. பாடசாலைப் போட்டிக்கு அந்த வருடச் சுற்றறிக்கையைப் பாருங்கோ, போன வருடத்தை நம்பாதேங்கோ.

இன்னொன்று. இந்த நாலு அமைப்புகளும் போட்டியைத்தான் நடத்துகின்றன. பிள்ளையைப் பார்ப்பது அவற்றின் வேலை இல்லை. மாகாணமட்டம் முடிந்து அடுத்த வலயமட்டம் வரும்வரை பத்து மாதம் யார் கையிலும் இல்லாத காலம். உங்கள் காசு அங்கேதான் வேலை செய்ய வேணும். பதக்கம் வந்த பிறகு மாலை போட ஆள் தேடத் தேவையில்லை, தானாக வரும்.

---

கிண்ணியா நடுவர்

2:24 எண்டு மட்டும் எழுதினா அது நேரமில்ல தம்பி. கையால எடுத்த நேரத்தப் பத்தில் ஒரு செக்கனுக்கு எழுதணும், அதுவும் மேல்நோக்கி. கடிகாரம் 2:24.31 காட்டினா 2:24.4. 100, 200 மீற்றருக்கு மின்னியல் நேரத்தோட ஒப்பிட 0.24 கூட்டுவாங்க, 400க்கு 0.14. 800க்கு ஒண்டும் கூட்டுறதில்ல.

அதவிடப் பெரிய கேள்வி: ஓடுபாதை எத்தின மீற்றர்? அளந்தீங்களா?

---

குச்சவெளிக் கழகம்

நானா, மைதானம் சின்னன். 400 மீற்றர் போட இடம் காணாது. 200 மீற்றர் சுற்று, கயிறு பிடித்து சுண்ணாம்பு போட்டது.

---

கிண்ணியா நடுவர்

அங்கதான் பிழை. நைலோன் கயிறு இழுத்தா நீளும், அதால அளக்கக் கூடாது. உலோக நாடா எடுங்க.

200 மீற்றருக்கு இப்படி: இரண்டு நேர்ப்பகுதி, ஒவ்வொண்டும் 42.20 மீற்றர். இரண்டு அரைவட்டம், சுண்ணாம்புக் கோட்டின்ட ஆரம் 18.20. ஓட்ட நீளத்தக் கோட்டுல அளக்கிறதில்ல, கோட்டுக்கு வெளியே 20 சென்ரிமீற்றர் தள்ளித்தான் அளக்கிறது. அப்ப ஆரம் 18.40, வளைவு இரண்டும் சேர்ந்து 115.61, நேர் இரண்டும் 84.40. மொத்தம் 200.01. முழு 400 போட இடமிருந்தா நேர் 84.39, கோட்டின்ட ஆரம் 36.60. உள்விளிம்புல உயர்ந்த கட்டு வச்சா 30 சென்ரிமீற்றர் தள்ளி அளக்கணும், அப்ப ஆரம் 36.50.

அந்த 20 சென்ரிமீற்றர மறந்து கோட்டையே 18.40இல போட்டா சுற்றுக்கு 1.26 மீற்றர் கூடும். நாலு சுற்றுக்கு அஞ்சு மீற்றர். 2:24 ஓடுற பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட 0.9 செக்கன். மறுபக்கம் பிழைச்சா இன்னும் மோசம்: ஊர்ல நல்ல நேரம் காட்டும், மாகாணத்துல போய் நொந்து வரும். பிள்ளை தன்னைத்தான் குற்றம் சொல்லும், கயிற்றச் சொல்லாது.

நாலு சிறு மரக்கட்டைய மண்ணுக்குள்ள இறக்கி வளைவு தொடங்குற இடத்த நிரந்தரமா அடையாளம் வைங்க. வாடைக்காலத்து மழையில சுண்ணாம்பு போயிடும், கட்டை நிக்கும்.

---

தம்பலகாமம் டீச்சர்

உவர்மலை அண்ணா சொன்ன வழிகளோடு ஒரு எச்சரிக்கை. பாடசாலையும் கழகமும் ஒரே பிள்ளையை இழுப்பதுதான் இந்த மாவட்டத்தில் நல்ல பிள்ளைகள் நொந்துபோக முதல் காரணம். உடற்கல்வி ஆசிரியர் திங்களும் புதனும் கடுமையாக ஓட விடுவார். கழகப் பயிற்றுநருக்கு அது தெரியாது, செவ்வாயும் வியாழனும் அதையே செய்வார். பிள்ளை இருவருக்கும் இல்லை என்று சொல்லமாட்டாள். ஆறு கிழமையில் முன்னங்கால் எலும்பு நோ தொடங்கும்.

ஆகவே முதல் வேலை: கழகச் செயலாளர் பாடசாலைக்குப் போய் அதிபர், ஆசிரியர் இருவரையும் கண்டு ஒரே அட்டவணை எழுதுவது. பாடசாலைப் பருவத்தில் ஆசிரியர் சொல்வதே முடிவு. பருவம் முடிந்தபின் கழகம். 800 மீற்றருக்கு 15 வயதில் கிழமைக்கு இரண்டு கடும் நாள் போதும். உதாரணமாக ஒரு நாள் 6 தடவை 200 மீற்றர், போட்டி வேகத்தில் (2:24 என்றால் 36 செக்கன்), இடையில் 90 செக்கன் நடை. இன்னொரு நாள் 20 நிமிடம் தொடர் ஓட்டம், பேசினால் வசனம் அறும் அளவு வேகத்தில். மற்ற நாட்கள் மெதுவாக, ஒரு நாள் முழு ஓய்வு. ஆறாவது 200 முதலாவதைவிட இரண்டு செக்கனுக்கு மேல் பிந்தினால் அன்றைக்கு வேகம் கூடிப்போச்சு, நிறுத்துங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து எழுதுங்கள். திடீரென வளரும் காலத்தில் முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் நோ வரும். அந்த மாதங்களில் பாய்ச்சலையும் எறிதலையும் குறைக்க வேண்டும், "சோம்பல்" என்று ஏசக் கூடாது.

ஒரே நிகழ்ச்சியில் கட்டிப்போடவும் வேண்டாம். 800 பிள்ளை 400உம் 1500உம் ஓடட்டும். ஈட்டிப் பையன் நீளம் பாயட்டும்.

---

மூதூரான்

எல்லாம் சரி, மேல ஆரு பாக்கிறது? சங்கங்களுக்குள்ள கதிரைச் சண்டைதானே. 2023 ஜனவரியில பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்த இடைநிறுத்தினது மறந்து போச்சா? ஓகஸ்ட் வரைக்கும் பயிற்சிநெறியும் இல்ல, வெளிநாட்டுப் போட்டியும் இல்ல. ஏகாம்பரம் மைதானத்துல பந்து அடிக்கிற பொடியனுக்கு என்ன குற்றம்?

---

உவர்மலை தடகளம்

மூதூரான், அது உண்மை. காசு எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் காரணமும் விளங்கும். பீபாவின் போர்வர்ட் திட்டத்தில் 2023–2026 காலத்துக்கு ஒரு நாட்டுச் சம்மேளனத்துக்கு 80 இலட்சம் டொலர் வரை கிடைக்கலாம்: 50 இலட்சம் அன்றாட நடத்துகைக்கு, 30 இலட்சம் குறித்த திட்டங்களுக்கு. ஒலிம்பிக் பக்கம் ஒலிம்பிக் ஒருமைப்பாட்டு நிதி, 2021–2024க்கு உலகம் முழுதுக்கும் 59 கோடி டொலர் இருந்தது. அது தேசிய ஒலிம்பிக் குழு வழியாக வரும், வீரர் புலமைப்பரிசில், பயிற்றுநர் பயிற்சிநெறி என்று. எல்லாம் தேசிய அமைப்பு என்ற ஒரே குழாயால்தான் வருகிறது. அது அடைபட்டால் நிலாவெளிவரை வரட்சி. 1973ஆம் ஆண்டு 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி அமைச்சின் கையும் உள்ளே இருக்கு. தேசிய அணி வெளிநாடு போக அமைச்சரின் அனுமதி வேணும். அமைச்சு கையை நீட்டினால் சர்வதேசச் சம்மேளனம் தடை போடும். அந்த இழுபறியை நாங்கள் இங்கிருந்து தீர்க்கப் போவதில்லை.

ஆனால் மேலே சரியில்லை என்பதற்காகக் கீழே சும்மா இருக்கத் தேவையில்லை. தருஷி கருணாரத்ன 2023இல் பாங்கொக் ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றரை 2:00.66இல் ஓடித் தங்கம் எடுத்தார், அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலும் 2:03.20இல் தங்கம். அப்போது 18 வயது. கண்டி மாவட்டத்து வலள ஏ. ரத்னாயக்க மத்திய கல்லூரி என்ற கிராமப்புறப் பாடசாலையில், ஒரே பயிற்றுநரிடம் வளர்ந்த பிள்ளை. ஒரு பாடசாலை விடாமல் ஒரே வேலையைச் செய்ததால் வந்தது அது.

அளவுக்குச் சொல்கிறேன்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 800க்கு நேரடித் தகுதி எல்லை 1:59.30, மொத்தம் 48 இடம், பாதியளவு உலகத் தரவரிசையால் நிரப்பத் திட்டமிட்டது. உங்கள் பிள்ளையின் 2:24க்கும் அதற்கும் 25 செக்கன். அதை இப்போது பார்க்காதேங்கோ. இந்த வருடம் 2:20, அடுத்த வருடம் 2:16. அப்படித்தான் படி.

---

இயன்மருத்துவம்_திருமலை

சாப்பாடு பற்றி ஒருவரும் தொடவில்லை. 15 வயது ஓட்டக்காரப் பெண்பிள்ளையில் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. மருத்துவரைக் கேட்டு முழு இரத்தப் பரிசோதனையும் பெரிற்றினும் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு) செய்யுங்கள். பெரிற்றின் 30 ng/mLக்குக் கீழே என்றால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் மருத்துவரோடு பேச வேண்டும். களைப்பு, கடைசி 200இல் கால் இறுகுதல் எல்லாவற்றையும் "மனத்தைரியம் இல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். அவர்களில் பலர் இரத்தம் குறைந்த பிள்ளைகள். மாதவிடாய் மூன்று மாதம் நின்றால் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம். சாப்பாடு காணாததன் அடையாளம் அது.

நம்மூரில் மருந்துக் கடை புரதப் பவுடர் தேவையே இல்லை. சூடை, கீரி, நெத்தலி மீன் போதும். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பது அதைக் கெடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் மூன்று அவித்த முட்டை (சுமார் 18 கிராம் புரதம்) அல்லது ஒரு கிண்ணம் அவித்த பயறும் தயிரும், கூட இரண்டு வாழைப்பழம். ஒன்றும் சாப்பிடாமல் காலையில் ஓடிவிட்டு அப்படியே பாடசாலை போவது எங்கும் நடக்கிறது, அதைக் கழகம் நிறுத்தலாம்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும்போது பின்னேரம் மூன்றரைக்குக் கடும் பயிற்சி வைக்காதீர்கள். காலை ஐந்தே முக்கால் நல்லது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வியர்த்தால் ஜீவனி (உப்பு, சீனிக் கரைசல் தூள்) ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில், பைக்கற்றில் எழுதியபடி. அரை லீற்றரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றைப் பிரட்டும்.

கடற்கரை ஓட்டம்: உலர் மணல் குதிநாணை இழுக்கும், கிழமைக்கு ஒருமுறை 15 நிமிடம் போதும். ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு இடுப்புக்கே சுமை, போன தூரம் திரும்பி வர வேண்டும்.

ஈட்டிப் பையனுக்கு: 18க்குட்பட்ட ஆண்களுக்குச் சர்வதேச நிறை 700 கிராம், 20க்குட்பட்டோருக்கும் பெரியவர்களுக்கும் 800. "பழகட்டும்" என்று இப்பவே 800 கொடுப்பதால்தான் முழங்கையின் உட்பக்கம் போகிறது. முழு ஓட்டத்தோடு எறிவது கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு 12–15. நின்றும் மூன்றடியிலும் எறிவது 20 அளவு. அடுத்த நாள் காலை முழங்கையை முழுதாக நீட்ட முடியவில்லை என்றால் ஒரு கிழமை ஈட்டி தொடக்கூடாது. முதுகுக்கும் இடுப்புக்கும் இரண்டு கிலோ மெடிசின்போல் (பாரப் பந்து) போதும்.

---

குச்சவெளிக் கழகம்

நன்றி. அப்ப ஸ்பைக்ஸ் வாங்க வேண்டாமா?

---

உவர்மலை தடகளம்

வாங்குங்கோ, ஆனால் கடைசியில். நம்மூர்க் கட்டாந்தரையில் தினமும் ஸ்பைக்ஸோடு ஓடினால் கெண்டைக்கால் போகும். செயற்கை ஓடுபாதையில் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். ஈட்டிக்கும் உயரம் பாய்தலுக்கும் 12 வரை. போட்டிக்கு முன் வீரர்களைக் கூப்பிடும் அழைப்பு அறையில் பார்த்து நிறுத்துவார்கள். 6 மில்லிமீற்றர் ஆணி ஒரு தொகுதியும் கழற்றும் சாவியும் பையில் இருக்கட்டும்.

காசில் பாதியைப் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் வையுங்கோ. கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு. இரவு பஸ்ஸில் நிமிர்ந்து இருந்து போய், காலை எட்டு மணிக்குத் தகுதிகாண் ஓடினால் பத்து மாத வேலை அங்கேயே முடியும். ஒரு நாள் முந்திப் போய், செயற்கைத் தரையில் 80 மீற்றர் நாலு தடவை மட்டும் ஓடி, படுத்துத் தூங்கட்டும். கால்வாசி சாப்பாட்டுக்கு. மிச்சம் உலோக நாடா, இரண்டு ஸ்டொப்வோச், 700 கிராம் ஈட்டி ஒன்று, இரத்தப் பரிசோதனை.

---

பாமசி நிலாவெளி

மருந்து விஷயம். இலங்கையில் 2013ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டப்படி ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இருக்கு, 18 வயதுக்குக் குறைந்தவர்களையும் சோதிப்பார்கள். உடம்பில் இருந்தால் பொறுப்பு பிள்ளைக்கு. "டொக்டர் தந்தது" என்பது தானாகக் காப்பாற்றாது.

நம்மூரில் மாட்டக்கூடியவை: இழுப்புக்குச் சல்பியூட்டமோல் பம்ப் அடிக்கலாம் (24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த எட்டு மணித்தியாலத்திலும் 600ஐத் தாண்டாமல்). ஆனால் அதே மருந்தின் குளிசையும் பாணியும் எப்போதும் தடை. இந்த வித்தியாசம் பெற்றோருக்குத் தெரியாது. பிரெட்னிசொலோன் குளிசை போட்டிக் காலத்தில் தடை. தடிமன் குளிசையில் சூடோஎபெட்ரின் இருக்கா என்று பாருங்கள். நாட்டு மருந்தில் எட்டிக்கொட்டை சேர்ந்தால் அதில் ஸ்ட்ரிக்னைன் இருக்கு, அதுவும் போட்டிக் காலத் தடை. போட்டிக் காலம் என்பது முதல் நாள் இரவு 11:59க்கே தொடங்கும். கட்டாயம் வேண்டிய மருந்தென்றால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு விண்ணப்பத்தை மருத்துவர் நிரப்ப வேண்டும். உலகத் தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1இலும் மாறும்.

---

மூதூரான்

எட்டிக்கொட்டையா! ஊர்ல பாதிப்பேர் மாட்டுவாங்க போல.

---

தம்பலகாமம் டீச்சர்

கொழும்புக்கு அனுப்பும் யோசனைக்கு வருகிறேன். 15 வயதில் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் இடம் மாற்றினால் மொழி, விடுதி, புது ஆசிரியர் மூன்றும் ஒன்றாக விழும். கொழும்பில் இருக்கும் விளையாட்டு மருத்துவ நிறுவகத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போய்வந்தால் போதும்.

உவர்மலை தடகளம் எழுதியது: "ஒரு பாடசாலை விடாமல் ஒரே வேலையைச் செய்ததால் வந்தது அது."

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்தப் பாடசாலைக்குப் பக்கத்திலேயே கண்டியில் செயற்கை ஓடுபாதை இருக்கு, போட்டியும் கிட்ட. நம் பிள்ளைக்கு 17 வயதில் 2:12க்குக் கீழ் வந்துவிட்டால் இங்கே கூட ஓட ஆள் இருக்காது. அப்போது போகத்தான் வேண்டும். ஆகவே வேண்டாம் என்பதல்ல, இப்போது வேண்டாம் என்பதே.

உயர்தரம் வரும் வயதில்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். தேசியமட்டச் சான்றிதழ்களை இப்போதிருந்தே மூலப்பிரதியாகக் காப்பாற்றுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்குத் தனி ஏற்பாடு இருக்கு, வேலைவாய்ப்பில் முப்படை, பொலிஸ் அணிகள் இருக்கு. எல்லாரும் கேட்பது சான்றிதழ். பெயரின் எழுத்து பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாவிட்டால் வாங்கின அன்றைக்கே திருத்துங்கள், நாலு வருடம் கழித்து அலைய முடியாது.

பெண்பிள்ளை பயணம் போனால் பெண் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம். பயிற்றுநரும் பிள்ளையும் தனியே மோட்டார் சைக்கிளில் போவதில்லை, தனியே அறையில் உருவிவிடுவதில்லை என்று கழக யாப்பிலேயே எழுதுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இலக்கம் 1929, மைதானத்தில் பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள்.

---

குச்சவெளிக் கழகம்

கடைசிக் கேள்வி. இதையெல்லாம் ஆர் எழுதி வைக்கிறது, எப்படி?

---

கிண்ணியா நடுவர்

செயலாளர் எழுதட்டும், பயிற்றுநர் வேணாம். அவர் பிள்ளைக்கு நல்லதாத்தான் எழுதுவார்.

120 பக்க சீ.ஆர். கொப்பி ஒண்டு, பிள்ளைக்கு ஒண்டு. இடப்பக்கம் பயிற்சி: திகதி, என்ன செய்தது, கடைசி ஓட்டத்தின்ட நேரம், முதல் நாள் எத்தின மணித்தியாலம் நித்திரை, எங்க நோ. வலப்பக்கம் போட்டி: இடம், தரை புல்லா செயற்கையா, கையா மின்னியலா, காத்து, முதல் 400 எத்தின, ரெண்டாவது 400 எத்தின. 800க்கு அந்த ரெண்டும் இல்லாம மொத்த நேரம் மட்டும் எழுதுறதால பிரயோசனம் குறைவு. 68உம் 76உம் ஓடிய 2:24 வேற, 71உம் 73உம் ஓடிய 2:24 வேற. முதலாவதுக்கு வேகத்தப் பங்கிடப் பழக்கணும், ரெண்டாவதுக்கு வேகத்தையே கூட்டணும்.

உள்ளட்டையில பிறப்புச் சான்றிதழ் பிரதி, இரத்த வகை, ஒவ்வாமை, பெற்றோர்ட நம்பர். பயிற்றுநர் மாறினா கொப்பி பிள்ளையோட போகணும், கழகத்து அலுமாரியில கிடக்கக் கூடாது.

நாடாவ எப்ப கொண்டு வாறீங்க எண்டு சொல்லுங்க, சனிக்கிழமை காலையில எண்டா ஓடுபாதைய வந்து அளந்து தரலாம். ரெண்டு ஆள் நாடா பிடிக்க, ஒரு ஆள் கட்டை இறக்க. மூணு பேர் போதும்.

---

குச்சவெளிக் கழகம்

சனி காலை ஆறரை. பிளேன்ரீ ஏழரைக்குப் பிறகுதான் நானா.